மர வீடா? காங்கிரீட் வீடா?

அமெரிக்க முதியோர் நகரங்களில் பெரிய கேள்வி

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான நகரம் இருக்கிறது. அதன் பெயர் "தி வில்லேஜஸ்". "கிராமங்கள்" என்று பொருள். புளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது.

இது வயோதிகர்களுக்காகவே கட்டப்பட்ட நகரம். வீட்டுக்கு ஒருவராவது 55 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது பொது விதி. 19 வயது நிரம்பாதவர்கள் பெரும்பாலான பகுதிகளில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. பேரன் பேத்திகள் விருந்தாளிகளாக வரலாம். ஆண்டுக்கு 30 நாள் தங்கலாம். அவ்வளவுதான்!

கடைக்குப் போவதும், சிநேகிதர் வீட்டுக்குப் போவதும் "கோல்ப்" வண்டியில்தான். ஆட்டம், பாட்டம், நீச்சல், சீட்டு என்று பொழுது போகிறது.

2010-ல் இந்த வட்டாரத்தின் ஜனத்தொகை 93,420. 2020-ல் அது 1,29,752 ஆகிவிட்டது. அந்தப் பத்து ஆண்டில் அமெரிக்க நகர வட்டாரங்களிலேயே மிக வேகமாக வளர்ந்தது இதுதான். வாலிபர் நகரம் அல்ல, கிழவர் நகரம் முதல் பரிசு வாங்கியது!

இப்படி வந்து குவிகிற பெரியவர்களை ஒரு கேள்வி ஆட்டி வைக்கிறது. "எந்த மாதிரி வீட்டை வாங்குவது? மர வீடா? காங்கிரீட் வீடா?" என்பதே அந்தக் கேள்வி.

இதில் என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். ஆனால், அங்கே இது உயிர் பிழைக்கும் விஷயம். முதுமைக்கால சேமிப்பு மிஞ்சுமா, மிஞ்சாதா என்ற விஷயமும்கூட!

நாலு வகை வீடுகள்

புளோரிடாவின் முதியோர் குடியிருப்புகளில் நாலு விதமான வீடுகள் விற்கின்றன.

முதலாவது, தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடு. விலை குறைவு.

இரண்டாவது, மரச் சட்ட வீடு. அதே இடத்தில் மரக் கம்புகளை நிறுத்தி, பலகை அடித்துக் கட்டுவது.

மூன்றாவது, காங்கிரீட் கற்களை அடுக்கிக் கட்டும் வீடு.

நாலாவது, பல மாடிக் கட்டிடத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்குவது.

வில்லேஜஸ் நகரமே முதல் வகையில் பிறந்ததுதான். மிச்சிகனைச் சேர்ந்த ஹெரால்டு சுவார்ட்ஸ் என்ற வியாபாரி, 1960-களில் இங்கே தபால் மூலம் மனை விற்றார். 1968-ல் வந்த சட்டம் அந்த வியாபாரத்தை முடக்கியது. பிறகு அவர் அந்த இடத்தில் தொழிற்சாலை வீடுகளை இறக்கி விற்றார். வியாபாரம் மந்தம். 1983-ல் அவருடைய மகன் காரி மோர்ஸ் பொறுப்பேற்றார். கோல்ப் மைதானங்களும் நீச்சல் குளங்களும் வந்தன. அதே இடத்தில் கட்டும் வீடுகள் பெருகின. 1992-ல் "தி வில்லேஜஸ்" என்ற பெயர் வந்தது.

மரம் என்றால் மட்டமா?

தமிழ்நாட்டில் வீடு என்றால் செங்கல், சிமெண்டுதான். "லட்சக்கணக்கான டாலர் கொடுத்து மர வீட்டையா வாங்குகிறார்கள்?" என்று இங்குள்ளவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

ஆனால், அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளில் 100-க்கு 90-க்கு மேல் மரச் சட்ட வீடுகள்தான்! காடுகள் நிறைந்த நாடு. மரம் மலிவு. வேலையும் சீக்கிரம் முடியும்.

"இரண்டுக்கு நாலு" என்று அவர்கள் சொல்லும் கம்புகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துகிறார்கள். (பெயர்தான் இரண்டுக்கு நாலு. இழைத்த பிறகு அது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான்!) வெளியே பலகை, உள்ளே ஜிப்சம் அட்டை, நடுவே உஷ்ணத்தைத் தடுக்கும் பஞ்சு. இதுதான் சுவர்.

புளோரிடா மட்டும் விதிவிலக்கு. அங்கே காங்கிரீட் கல் வீடுகள் அதிகம். 8 அங்குல அகலமும் 16 அங்குல நீளமும் உள்ள, உள்ளே துவாரமுள்ள கற்கள். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் துவாரத்துக்குள் இரும்புக் கம்பி விட்டு, காங்கிரீட் நிரப்புகிறார்கள். சுவரின் தலையில் ஒரு காங்கிரீட் விட்டம் ஓடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது! மரச் சுவரின் மேலும் சிமெண்டுக் கலவை பூசி விடுகிறார்கள். தட்டிப் பார்த்தால்தான் சத்தம் காட்டிக் கொடுக்கும். ஜில்லா வரி அலுவலகத்தின் பதிவேட்டில், ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவர் எதனால் ஆனது என்று எழுதியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விவரம் தெரிந்தவர்கள் பூச்சை நம்புவதில்லை, பதிவேட்டைத்தான் நம்புகிறார்கள்.

புயல் வைத்த பரீட்சை

புளோரிடாவில் வீடுகளுக்குப் பரீட்சை வைப்பது புயல்தான்.

1992-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி "ஆண்ட்ரூ" புயல் மயாமிக்குத் தெற்கே தாக்கியது. மணிக்கு 165 மைல் வேகக் காற்று! சுமார் 63,000 வீடுகள் அழிந்தன. தொழிற்சாலை வீடுகள் இருந்த இடங்களில் தகரமும் பலகையும்தான் மிச்சம்.

காற்று எப்படி வீட்டை உடைக்கிறது? வேகம் இரு மடங்கானால், அதன் அழுத்தம் நாலு மடங்காகிறது. 60 மைல் வேகத்தில் ஒரு பங்கு என்றால், 120 மைல் வேகத்தில் நாலு பங்கு!

முதலில் ஜன்னலோ, கார் ஷெட்டின் கதவோ உடைகிறது. உள்ளே புகுந்த காற்று கூரையை மேலே தள்ளுகிறது. வெளியே ஓடும் காற்று அதே கூரையை மேலே இழுக்கிறது. கூரை பறக்கிறது. கூரையின் பிடிப்பை இழந்த சுவர் சாய்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காங்கிரீட் கல் வீடு என்றாலும், அதன் கூரை மரம்தான்! மரச் சட்டங்களின் மேல் பலகை அடித்து, ஓடு போட்ட கூரை. அந்தக் கூரையைச் சுவரோடு பிணைப்பது வெறும் ஆணியா, இரும்புப் பட்டையா என்பதில்தான் வீட்டின் ஆயுசு இருக்கிறது.

ஆண்ட்ரூ புயலில் பல வீடுகள் மரத்தினால் விழவில்லை. கைவேலை மோசமானதால் விழுந்தன. ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கவில்லை. அடித்த ஆணி சட்டத்தில் இறங்கவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் கண்ணை மூடிக் கொண்டிருந்தார்கள்!

சட்டம் வந்தது

அந்த அடி, புளோரிடாவைத் தட்டி எழுப்பியது. 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டிட விதி அமலுக்கு வந்தது. கூரைக்கும் சுவருக்கும் இரும்புப் பிணைப்பு, சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் பிணைப்பு, காற்று அதிகமுள்ள இடங்களில் ஜன்னல்களுக்குக் காப்பு, இவையெல்லாம் கட்டாயமாயின.

தொழிற்சாலை வீடுகளுக்கு 1976 முதலே மத்திய சர்க்காரின் விதி உண்டு. ஆண்ட்ரூவுக்குப் பிறகு, 1994-ல் அதைக் கடுமையாக்கினார்கள்.

பலன் தெரிந்தது. 2004 ஆகஸ்டு 13-ந் தேதி "சார்லி" புயல் புன்டா கோர்டா பக்கம் அடித்தபோது, 1994-க்குப் பிறகு செய்த தொழிற்சாலை வீடுகள் பழையவற்றைவிட நன்றாகத் தாக்குப் பிடித்தன. புது விதிப்படி கட்டிய வீடுகளும் அப்படியே.

ஆகவே, "மரமா, கல்லா?" என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எந்த ஆண்டில் கட்டியது?" என்பதுதான் அது. 1985-ல் கட்டிய கல் வீட்டைவிட, 2010-ல் ஒழுங்காகக் கட்டிய மர வீடு அதிக பந்தோபஸ்தாக இருக்கக் கூடும்.

நள்ளிரவில் வந்த எமன்

வில்லேஜஸ் கடற்கரையில் இல்லை. உள்நாட்டில் இருக்கிறது. புயல் அங்கே வந்து சேருவதற்குள் அதன் வேகம் குறைந்துவிடும். ஆனால், சுழற்காற்றுக்குக் கடலும் இல்லை, கரையும் இல்லை!

2007 பிப்ரவரி 2-ந் தேதி. பொழுது விடிய இன்னும் சில மணி நேரம் இருந்தது. எல்லோரும் தூக்கம். வில்லேஜஸிலும், அதை ஒட்டிய லேடி லேக் ஊரிலும், கிழக்கே உள்ள காட்டுப் பகுதியிலும் சுழற்காற்று புகுந்தது. 21 பேர் பலி! அவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை வீடுகளில் இருந்தவர்கள்.

2024 அக்டோபர் 9-ந் தேதி. "மில்டன்" புயல் மேற்குக் கரையை நோக்கி வந்து கொண்டிருந்தது. மாநிலம் முழுவதும் மேற்கேதான் பார்த்துக் கொண்டிருந்தது. ஆனால், புயல் கரையைத் தொடுவதற்குப் பல மணி நேரம் முன்பே, கிழக்குப் பகுதியில் சுழற்காற்றுகள் கிளம்பின. ஒரே நாளில் 40-க்கு மேல்! அவற்றில் ஒன்று, போர்ட் பியர்ஸ் அருகே "ஸ்பானிஷ் லேக்ஸ் கண்ட்ரி கிளப் வில்லேஜ்" என்ற முதியோர் குடியிருப்பைத் தாக்கியது. அங்கே இருந்தவை தொழிற்சாலை வீடுகள். 6 பேர் மாண்டார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. பெருங்காற்றில் முதலில் பலியாவது தொழிற்சாலை வீடு. அதனால்தான் புயல் எச்சரிக்கை வந்ததும், அத்தகைய வீடுகளில் இருப்பவர்களை அதிகாரிகள் முதலில் வெளியேறச் சொல்கிறார்கள். புயலுக்கு நாள் கணக்கில் அவகாசம் உண்டு. சுழற்காற்றுக்கோ நிமிஷக் கணக்குதான். 80 வயதில், முழங்கால் வலியோடு, நள்ளிரவில் எங்கே ஓடுவது?

மண் யாருடையது?

அப்படியானால், அந்த வீட்டை ஏன் வாங்குகிறார்கள்? விலைதான் காரணம். மர வீட்டுக்கும் கல் வீட்டுக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும். மாதச் சம்பளம் நின்றுபோய், பென்ஷனை மட்டும் நம்பும் விதவைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால், அங்கே ஒரு முள் இருக்கிறது. பல குடியிருப்புகளில் வீடு மட்டும்தான் சொந்தம். கீழே உள்ள மண் வேறொருவருடையது! அதற்கு மாத வாடகை கட்ட வேண்டும். வாடகையை உயர்த்த, நிலச் சொந்தக்காரர் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும்.

"உயர்த்தினால் வீட்டைத் தூக்கிக் கொண்டு போய்விடலாமே!" என்று சொல்லலாம். பெயர்தான் நகரும் வீடு. ஒரு தடவை இறக்கிவிட்டால், மறுபடி தூக்க ஆகும் செலவு பயங்கரம். பழைய வீட்டைத் தன் இடத்தில் இறக்க வேறு யாரும் சம்மதிப்பதும் அபூர்வம்.

வில்லேஜஸில் மனை சொந்தம்தான். ஆனால், சாலை, சாக்கடை, குழாய் போட்ட கடனில் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் ஒரு பங்கு விழும். அதற்கு "பாண்டு" என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கட்டிக் கொண்டே போக வேண்டும். அதோடு, பொழுதுபோக்கு வசதிகளுக்கு மாதக் கட்டணமும் உண்டு. வீட்டின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பிறகு விழிக்கிறார்கள்.

கரையானும் ஈரமும்

புளோரிடாவின் காற்றில் எப்போதும் ஈரம். கரையானுக்குக் கொண்டாட்டம்! மரச் சுவருக்குள் அது புகுந்தால், வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதி காலி. கட்டும்போதே மண்ணில் மருந்து அடிப்பதும், பிறகு ஆண்டுதோறும் பணம் கட்டிப் பரிசோதிப்பதும் அங்கே வழக்கம்.

கல் சுவரைக் கரையான் தின்னாது. உண்மை. ஆனால், கல்லின் துவாரம் வழியாக ஏறிப்போய்க் கூரையைத் தின்னும்! ஆகவே, "கல் வீடு, பயமில்லை" என்று பரிசோதனையை நிறுத்துகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

வெள்ளம் வந்தால் கல் வீட்டுக்கு மார்க்கு அதிகம். கல் உலர்ந்துவிடும். மரச் சுவரின் பஞ்சும் அட்டையும் நனைந்தால், அறுத்து எறிய வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து மூச்சு முட்டும்.

உஷ்ணத்தைத் தடுப்பதில் மரச் சுவருக்கு மார்க்கு அதிகம். பஞ்சு வைக்க அதில் இடம் உண்டு. மின்சாரச் செலவு குறையும். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பதில் கல் சுவர் மேல்.

பூமி உள்வாங்குவதற்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான்! புளோரிடாவின் அடியில் சுண்ணாம்புக் கல். தண்ணீர் அதைக் கரைத்துப் பொந்தாக்கும். மேல் மண் திடீரென்று இறங்கும். 2018-ல் வில்லேஜஸிலேயே இப்படி நடந்தது. அங்கே மரமும் உதவாது, கல்லும் உதவாது. அடியில் உள்ள மண்ணைப் பற்றி விசாரிப்பதும், இன்ஷ்யூரன்ஸில் அதைச் சேர்ப்பதும்தான் வழி.

இன்ஷ்யூரன்ஸ் என்னும் பூதம்

இன்று புளோரிடா முதியவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது புயல் மட்டுமல்ல, இன்ஷ்யூரன்ஸ் பிரீமியமும்தான்.

2021 முதல் 2023 வரை பல இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் அங்கே திவாலாயின. வேறு கதி இல்லாதவர்களுக்காக மாநிலம் 2002-ல் ஏற்படுத்திய "சிட்டிசன்ஸ்" நிறுவனத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்தது. 2023-ல் அதன் பாலிசிகள் 14 லட்சத்தைத் தாண்டின!

கம்பெனிகள் முதலில் கேட்பது கூரையின் வயதை. பிறகு, சுவர் எதனால் ஆனது என்று. மர வீட்டைவிடக் கல் வீட்டுக்குப் பொதுவாகப் பிரீமியம் குறைவு. கூரைப் பிணைப்பும் ஜன்னல் காப்பும் சரியாக இருந்தால், எந்த வீட்டுக்கும் தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம். கூரை பழசாகிவிட்டால் கல் வீட்டுக்காரரும் திண்டாட வேண்டியதுதான்.

அதனால், புத்திசாலிகள் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்த வீட்டின் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கி விடுகிறார்கள்.

மாடி வீடு மட்டும் சுகமா?

"இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், முழுக் காங்கிரீட் மாடிக் கட்டிடமே மேல்" என்று போனவர்களுக்கும் நிம்மதி இல்லை.

2021 ஜூன் 24-ந் தேதி, மயாமியை அடுத்த சர்ப்சைடில் 12 மாடிக் கட்டிடம் ஒன்றின் பெரும் பகுதி நள்ளிரவுக்குப் பிறகு இடிந்து விழுந்தது. 98 பேர் பலி. கட்டி 40 ஆண்டுதான் ஆகியிருந்தது!

2022-ல் புதுச் சட்டம் வந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டிடங்களைப் பரிசோதிக்க வேண்டும். ரிப்பேருக்கு நிதி சேர்க்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால், பல ஆண்டு நிதி சேர்க்காமல் இருந்த கட்டிடங்களில், பாக்கி முழுவதும் இப்போது குடியிருப்பவர்களின் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்ற பலர் கட்ட முடியாமல் வீட்டை விற்றார்கள். 2025-ல் சட்டத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டி வந்தது.

மாடி வீடு வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதைவிட, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

மறந்துபோகும் விஷயம்

சுவரைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், வாசல்படியை மறந்துவிடுகிறார்கள்!

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவர், ஆண்டுக்கு ஒரு தடவையாவது கீழே விழுகிறார். புயல் எப்போதாவது வருகிறது. குளியலறைத் தரை தினமும் இருக்கிறது.

தொழிற்சாலை வீடு தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். ஏற மூன்று, நாலு படி உண்டு. 62 வயதில் அது விளையாட்டு. 82 வயதில் மலை! தரையோடு தரையாகக் கட்டிய மர வீட்டுக்கும் கல் வீட்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

கதவின் வழியில் 32 அங்குலம் இருந்தால்தான் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். குளியலறையில் கைப்பிடி மாட்ட, ஜிப்சம் அட்டையின் பின்னால் கட்டை வைத்திருக்க வேண்டும். வெறும் அட்டையில் மாட்டிய கைப்பிடி, விழுகிறவரோடு சேர்ந்து விழும். கட்டும்போதே கேட்டுக் கொண்டால் சில நிமிஷ வேலை. பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டும்.

இந்தக் கவலை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் அல்ல. புளோரிடாவில் டவாரஸ் என்ற ஊரில், "சாந்திநிகேதன்" என்ற பெயரில் இந்திய முதியோருக்கென்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற இந்தியர்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே புயல், இதே பிரீமியம், இதே முழங்கால்தான்!

எது நல்லது?

முடிவாக, எதை வாங்குவது?

1994-க்கு முன்பு செய்த தொழிற்சாலை வீடு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புதியதை வாங்குவது என்றால், மண்ணும் சொந்தமாக இருக்கிறதா, பக்கத்தில் உறுதியான பொதுக் கட்டிடம் உண்டா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடற்கரைக்கும் தண்ணீருக்கும் அருகில் என்றால் காங்கிரீட் கல் வீடே மேல். காற்றுக்கும், வெள்ளத்துக்கும், பிரீமியத்துக்கும் அது அனுகூலம்.

வில்லேஜஸ் போன்ற உள்நாட்டு ஊரில், 2002-க்குப் பிறகு விதிப்படி கட்டிய மர வீட்டைக் கண்டு பயப்படத் தேவை இல்லை. அங்கே சுவரைவிட, கூரையின் வயதும் பிணைப்பும், கார் ஷெட்டுக் கதவின் பலமும்தான் முக்கியம். இரண்டு வீடும் ஒரே விலை என்றால் கல் வீட்டை எடுக்கலாம். கல் வீட்டுக்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்றால், அந்த வித்தியாசத்தில் மர வீட்டின் கூரையையும் ஜன்னலையும் பலப்படுத்த முடியுமா என்று கணக்குப் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வீடு வாங்க வரும்போது கணவனும் மனைவியும் ஜோடியாக வருகிறார்கள். ஒரு நாள், இருவரில் ஒருவர்தான் அந்த வீட்டில் இருப்பார். அன்று அந்த ஒருவரால் தனியாகப் படி ஏற முடியுமா? ஒரே பென்ஷனில் பிரீமியம் கட்ட முடியுமா? எச்சரிக்கைச் சங்கு ஊதும்போது வீட்டை விட்டு ஓடாமல் இருக்க முடியுமா?

இந்த மூன்றுக்கும் "முடியும்" என்று பதில் கிடைக்கிற வீட்டைத்தான் வாங்க வேண்டும்.